பழைய வண்டிக்கு இரிடியம் பிளக் தேவையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தை 1993-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வாரம் மூன்று முறை வந்து போகிறேன். இரண்டு மாதத்திற்கு ஒருமுறையாவது பிளக் அடைத்துக்கொண்டு வழியில் நின்றுவிடுகிறது. இரிடியம் பிளக் போட்டால் இந்தத் தொல்லை தீரும், மைலேஜும் கூடும் என்று உதிரிபாகக் கடையில் சொல்கிறார்கள். சாதாரண பிளக்கைப் போல ஐந்தாறு மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரிடியம் என்ற உலோகம் நல்ல பொருள்தான். ஆனால் அது தீர்க்கும் குறை வேறு, உங்கள் வண்டிக்கு வந்திருக்கும் குறை வேறு.

எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது பிளக். சாதாரண பிளக்கில் பொறி தாவும் நடுமுனை நிக்கல் கலவையால் ஆனது, சுமார் 2.5 மி.மீ. தடிமன் இருக்கும். இரிடியம் பிளக்கில் அதே முனை 0.6 மி.மீ., சிலவற்றில் 0.4 மி.மீ. அளவுக்கு ஊசிபோல் மெலிந்திருக்கும். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400 டிகிரியைத் தாண்டித்தான் உருகும் என்பதால், அவ்வளவு மெல்லிய முனையும் எளிதில் தேயாமல் நெடுநாள் நிற்கிறது. பிளக்கைக் கழற்றுவதற்கே அரை எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும் கார்களில் இது பெரிய சௌகரியம். உங்கள் வண்டியிலோ பிளக் ஸ்பேனர் கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அதோடு, உங்களுடையதைப் போல பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் வண்டியின் பிளக் தேய்ந்து சாவதில்லை, அதற்கு வெகுநாள் முன்பே கரி ஏறிச் செத்துவிடுகிறது.

அடைப்பு எப்படி நேர்கிறது என்று பாருங்கள். பெட்ரோலுடன் எரியும் டூ-டி ஆயிலில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) எரியாமல் மிஞ்சும் கரி, நடுமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து வரும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல், பீங்கான் மேல் படிந்த கரி வழியே பிளக்கின் உடம்புக்குக் கசிந்துவிடுகிறது. முனை இரிடியமோ தங்கமோ, கசிவு பீங்கானில் நடக்கும்போது முனையால் செய்யக்கூடியது சொற்பம். பீங்கானின் நுனி ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் கரி தானாக எரிந்து போகும். மதுரைக் கீழவாசல் நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பது அரிது.

எனவே கரி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். உங்கள் வண்டியில் ஆயில் பம்பு வேலை செய்கிறதா, அல்லது நம் ஊரில் பலரும் செய்ததுபோல் அதைத் துண்டித்துவிட்டு பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்கிறீர்களா? கலப்பதானால் கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். "கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது" என்ற நினைப்புதான் பாதி பிளக்குகளைக் கொல்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் கலவையில் பெட்ரோல் மிகுந்து கரி கூடும். கியர் ஆயில் வெளியே ஒழுகாமலே குறைந்து, சைலன்சரில் வழக்கத்தை மீறிப் புகை வந்தால், கிராங்க் சீல் (எஞ்சினுக்குள் கியர் ஆயில் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய் அந்த ஆயிலையும் எஞ்சின் உறிஞ்சுகிறது என்று பொருள். அதற்குச் சீல் மாற்றுவது ஒன்றே வழி.

இன்னொன்று, செலவே இல்லாதது. பிளக் கேப்பைத் திருகினால் ஒயரிலிருந்து தனியே கழன்று வரும். முப்பது வயது வண்டியில் ஒயரின் நுனியிலுள்ள செம்புக் கம்பிகள் பெரும்பாலும் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். அந்த நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, பளபளக்கும் கம்பியில் கேப்பை மீண்டும் திருகுங்கள். கேப்பில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பிளக்கின் வெப்ப எண்ணையும் சரிபாருங்கள். சூட்டை வேகமாக வெளியேற்றுவது குளிர்ந்த வகை, தன்னிடமே தேக்கிக்கொள்வது சூடான வகை. என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூடக் குளிர்ந்த வகை. பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. இரண்டும் நேர் எதிர். இது தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டு மாற்றியதால் கெட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். "மதுரை வெயிலுக்குக் குளிர்ந்த பிளக்தான் சரி" என்று சொல்பவர்களும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே ஐந்தாறு டிகிரி கூடுவது, 450-க்கும் 850-க்கும் இடையில் வேலை செய்யும் பிளக்குக்கு ஒரு பொருட்டே அல்ல. வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே போடுங்கள். தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக் போட்டால் கரி இன்னும் வேகமாக ஏறும்.

மைலேஜைப் பொறுத்தவரை, நல்ல நிலையிலுள்ள சாதாரண பிளக்கை எடுத்துவிட்டு இரிடியம் போட்டால் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் எதுவும் கூடாது. செத்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிதாக எதைப் போட்டாலும் கூடும். அந்தப் பெயர் இரிடியத்திற்குப் போய்விடுகிறது.

ஆசைக்கு ஒருமுறை நானும் வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் மாதம் கரி ஏறியதும், பழைய பழக்கத்தில் எமரி பேப்பரை மடித்து இடைவெளிக்குள் விட்டுத் தேய்த்தேன். அந்த ஊசிமுனை வளைந்து, இடைவெளியைச் சரிசெய்யப் போனபோது ஒடிந்தே போனது. இரிடியம் முனையில் எமரி பேப்பரோ கம்பி பிரஷ்ஷோ படக்கூடாது.

கேள்வி: எங்களிடம் பாயிண்ட் செட் உள்ள பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 இருக்கிறது. காலையில் ஏழெட்டுக் கிக் அடித்தால்தான் கிளம்புகிறது. இதற்காவது இரிடியம் உதவுமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: உங்களுக்குக் கொஞ்சம் உதவலாம். மெல்லிய முனையிலிருந்து பொறி தாவக் குறைந்த மின்னழுத்தமே போதும்; பாயிண்டும் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்) ஆறிய பேட்டரியும் காலை நேரத்தில் தரும் நலிந்த மின்சாரத்திற்கு அது ஒரு கைத்தாங்கல். ஆனால் அதை வாங்குவதற்கு முன் பாயிண்டைத் திறந்து, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று பாருங்கள். பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள். இவற்றைச் செய்த பின்னும் ஏழு கிக் கேட்டால், அப்போது இரிடியத்துக்குச் செலவழிக்கலாம். என் கணிப்பு, அதற்கு அவசியம் வராது.

கேள்வி: ஸ்பிளெண்டர் ஓட்டுகிறேன். தொல்லை எதுவும் இல்லை. விலை கூடிய பிளக் போட்டால் எஞ்சினின் ஆயுள் கூடுமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கூடாது. சாதாரண பிளக்கையே 12,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். மாட்டும்போது முதலில் விரலால் மட்டும் கடைசிவரை திருகிவிட்டு, புதிய பிளக்கானால் ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்று மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டுத் திருகி அலுமினிய ஹெட்டின் மரையைக் கெடுத்துவிட்டால், அதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்கு ஆகும் செலவில் பல வருடத்துக்கான பிளக் வாங்கிவிடலாம்.