திடகாத்திரமான மென்பொருள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் கையேடுகளைத் தமிழாக்கி வருகிறேன். 'ரோபஸ்ட் பேமென்ட் சிஸ்டம்' என்பதற்கு 'வலுவான பணப் பரிமாற்ற அமைப்பு' என்று எழுதினேன். சரிபார்த்தவர் அதைத் 'திடகாத்திரமான' என்று மாற்றிவிட்டார். எது சரி? ஸ்ட்ராங் என்பதற்கும் ரோபஸ்ட் என்பதற்கும் வேறுபாடு உண்டா?

ஒரு வாசகர், அல்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

அகராதிப்படி அவர் செய்தது பிழையன்று. எழுபது வயதிலும் இரண்டு குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்கிச் செல்லும் பெரியவரைத் திடகாத்திரமானவர் என்கிறோம்; ஆங்கிலத்தில் அவரும் ரோபஸ்ட்தான். ஆனால் காத்திரம் என்றால் உடல். உடலே இல்லாத மென்பொருளுக்கு அந்த அடைமொழியைச் சூட்டினால் படிப்பவர் மீசை முறுக்கிய பயில்வானைத்தான் நினைத்துக்கொள்வார்.

ரோபஸ்ட் என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ரோபுர், அதாவது ஓக் மரமும் அதன் கடினமான கட்டையும். நம்மிடம் இதற்கு நேராக 'வைரம் பாய்ந்த' என்ற வழக்கு இருக்கிறது. அகத்தே காழ் உடையதையே மரம் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது, காழ் என்பது அந்த வைரம்தான். வைரம் பாய்ந்த கட்டையின் பெருமை எவ்வளவு பளு தாங்கும் என்பதோடு முடிவதில்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்தாலும் எளிதில் உளுத்துப்போகாது என்பதே அதன் சிறப்பு. ஸ்ட்ராங் என்பது வலிமையின் அளவைச் சொல்கிறது, ரோபஸ்ட் என்பது கேடு வரும்போது நிலைகுலையாத தன்மையைச் சொல்கிறது.

மல்லேஸ்வரத்தில் நான் காபிப்பொடி அரைக்கும் கடையில், டிகாஷன் ஸ்ட்ராங்காக இறங்குவதால்தான் ரோபஸ்டா என்ற காபி வகைக்கு அந்தப் பெயர் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அதில் கேஃபீன், அராபிகா என்ற மற்றொரு காபி வகையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்பது உண்மையே. ஆனால் பெயர் சுட்டுவது செடியின் தாங்குதிறனை. 1869-க்குப் பின் இலங்கையின் அராபிகாத் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தது. அந்த நோயையும் தாழ்வான சரிவுகளின் வெப்பத்தையும் தாக்குப்பிடிப்பது ரோபஸ்டா. குடகின் தோட்டங்களில் இன்று அதுவே மிகுதி.

மென்பொருளிலும் பொருள் இதுவே: தேதி கேட்கும் கட்டத்தில் ஒருவர் தம் பெயரை அடித்தாலும், பணம் போய்க்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தாலும் அது குழம்பிவிடக் கூடாது. ஆகவே 'வலுவான' என்ற உங்கள் சொல் தவறில்லை என்றாலும், எதைத் தாங்குகிறது என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. (நிறுவன அறிக்கைகளில் வரும் 'ரோபஸ்ட் குரோத்' வேறு கதை, அங்கே 'நல்ல வளர்ச்சி' போதும்.)

'இணைப்பு அறுந்தாலும் கணக்குப் பிசகாத பணப் பரிமாற்ற அமைப்பு' என்று எழுதிப் பாருங்கள். அச்சுக்கு அனுப்பும் முன், உண்மையிலேயே பிசகாதா என்று உங்கள் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.