மூணு தடவை மருந்தடிச்சும் தென்னைல வெள்ளை ஈ குறையல, வேர்ல மருந்து கட்டலாமா?

கேள்வி: உடுமலைப் பக்கம் 140 தென்னை இருக்குங்க சார். தை மாசத்துல இருந்து மூணு தடவை மருந்தடிச்சுட்டேன். அடிச்ச ஒரு வாரம் சுத்தமா இருக்கு, ஒன்றரை மாசத்துல முன்ன இருந்ததை விட அதிகமா வந்துருது, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிருச்சு. 'ஈ மருந்துக்குப் பழகிடுச்சு, வேர்ல கட்டினாத்தான் சாகும்'னு மருந்து ஏஜென்ட் ஒருத்தர் சொல்றார். கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க தம்பி. மேல அடிக்கிறதையும் இதோட நிறுத்துங்க. ஈ மருந்துக்குப் பழகினதுங்கறது ரெண்டாவது பேச்சு, உங்க தோப்புல அதைத் தின்னுட்டு இருந்த ஆளை நீங்களே மூணு தடவை கொன்னுட்டீங்க, அதான் விஷயம்.

இந்தச் சுருள் வெள்ளை ஈ நம்மூர்ப் பூச்சியே இல்லை. மத்திய அமெரிக்கப் பக்கத்துது, 2009-ல ப்ளோரிடால தெரிய வந்துச்சு, இங்க 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடிச்சாங்க. புதுசா ஒரு ஊருக்கு வர்ற பூச்சிக்கு ஆரம்பத்துல அங்க எதிரி இருக்காது, சாப்பாடு மட்டும் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தென்னையா இருக்கும், அப்ப அது கூட்டல் கணக்குல ஏறாது, பெருக்கல் கணக்குல ஏறும். புரியறதுக்கு ஒரு கணக்கு சொல்றேன், அஞ்சு மடங்குங்கறது என் உதாரணம்தான், நிஜத்துல வெயிலுக்கும் மழைக்கும் தகுந்த மாதிரி ஏறி இறங்கும். ஆயிரம் ஈ இருக்கு, ஒரு தலைமுறைக்கு அஞ்சு மடங்கு ஆகுதுன்னு வெச்சுக்குங்க. மருந்தடிச்சு நூத்துக்கு எண்பதைக் கொன்னாச்சு, மிச்சம் இருநூறு. அடுத்த தலைமுறைல மறுபடி ஆயிரம். அதாவது உங்க காசெல்லாம் போய் நீங்க வாங்கினது ஒரே ஒரு தலைமுறை அவகாசம், ஏறக்குறைய ஒன்றரை மாசம். அதுக்குள்ள பக்கத்துத் தோப்பு ஈயும் வந்து சேர்ந்துக்குது. நீங்க எழுதினது இதேதானே?

இப்ப அந்தக் கணக்குல குளவியைச் சேருங்க. என்கார்சியான்னு ஒரு குளவி, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வெச்சு உள்ள இருந்தே தின்னு வெளிய வரும். அது நூத்துக்கு எண்பதைப் பிடிச்சா ஆயிரம் ஆயிரமாவே நிக்கும், தொண்ணூறைப் பிடிச்சா பாதியாகும், அதுவும் ஒரு பைசா செலவில்லாம ஒவ்வொரு தலைமுறையும். ஆனா குளவி எப்பவும் ஈக்கு ஒரு படி பின்னாடிதான் ஏறும், ஏன்னா ஈ பெருகினாத்தான் அதுக்குச் சாப்பாடு. அந்த நடுவுல ஒரு ரெண்டு மூணு மாசம் தோப்பு பார்க்கவே பயமா இருக்கும் பாருங்க, அந்த நேரத்துலதான் எல்லாரும் கை நடுங்கி மருந்தடிக்கிறாங்க. ஈ ஓலைக்கு அடில மெழுகுக்குள்ள உக்காந்து பாதி தப்பிச்சுக்குது, குளவி வெளிய சுத்தறதால மொத்தமா போயிருது.

இது புதுக்கதை இல்லை. 2008-ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு ஒண்ணு விடாம அழிச்சுச்சு, அடிக்காத மருந்து இல்லை. 2010-ல பியூர்ட்டோ ரிக்கோல இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்து விட்டாங்க, அதுக்கப்புறம்தான் அடங்குச்சு. இவ்வளவு நடந்தும் நாம மறுபடி டேங்க்கைத் தூக்கறோம்.

ஏஜென்ட் விஷயத்தைச் சொல்லியே ஆகணும். ஒரு தடவை அடிச்சா மறுபடி அடிக்க வேண்டி வர்றதுதான் அவங்களுக்கு வருமானம், மரத்துக்கு இவ்வளவுன்னு பேசறவர்கிட்ட உங்க தோப்பு நல்லாயிட்டா அவருக்கு என்ன லாபம்? வேர்ல கட்டறதுக்கு அவங்க வழக்கமா எடுக்கறது மோனோகுரோட்டோபாஸ், அதுல 36 எஸ்எல்ங்கற 36 சதவீதக் கரைசல் மருந்தை நிறுத்தச் சொல்லி மத்திய அரசு 2023-லயே உத்தரவு போட்டாச்சு. வேர் வழியா ஏறினது இளநீருக்கும் போகும், அதை உங்க வீட்டுக் குழந்தையும்தான் குடிக்கும். லேபிள் இல்லாத பாட்டில்ல 'ஆர்கானிக்'னு கொண்டு வந்தாலும் வாங்காதீங்க, பில் கேளுங்க, பில்னு சொன்ன உடனே பாதிப்பேர் வண்டியை எடுத்துருவாங்க.

அதிகாரிங்க பக்கமும் நியாயம் இல்லை. பூச்சி ஏறறது தை, மாசி மாசத்துல, கணக்கெடுக்க வர்றது மழை விழுந்து ஈ தானா இறங்கின பிறகு. அப்புறம் மருந்தாலதான் குறைஞ்சுதுன்னு எழுதிட்டுப் போறாங்க, அடுத்த வருஷமும் அதே சிபாரிசு. மருந்து ஒரு மணி நேரத்துல வீட்டு வாசலுக்கு வருது, குளவிக்கு மட்டும் விவசாயி அலையணும். வருஷக்கணக்கா இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு.

சரி, ஒரே ஒரு இடத்துல மட்டும் 'சும்மா விடுங்க'ங்கறது செல்லாது, மூணு தடவை அடிச்சிருக்கறதால உங்க தோப்பு அந்த ரகமா இருக்கலாம். அதாவது குளவியே மிச்சமில்லாத தோப்பு. அதைக் கண்டுபிடிக்கணும். அடிமட்டை ஓலை பத்து இடத்துல எடுத்துக்குங்க, அடிப்பக்கத்தைத் திருப்பி ஒரு லென்ஸ் வெச்சுப் பாருங்க. மேல் பக்கத்துல இருக்கற கருப்பு வேற, அது ஈ விடற தேன் மாதிரிக் கழிவுல வளர்ற பூசணம், அதைக் கணக்குல சேர்த்துக் குழப்பிக்காதீங்க. அடில ஒட்டிட்டு இருக்கற ஈக்குஞ்சுக் கூடுகள்ல கருப்பா மாறினது குளவி புகுந்தது. காலிக் கூட்டுல இங்கிலீஷ் 'T' எழுத்து மாதிரி பிளந்திருந்தா ஈ வெளிய போயிருக்கு, வட்டமா ஓட்டை இருந்தா குளவி போயிருக்கு. இதை விட நல்ல கணக்கு எந்த அதிகாரியும் குடுக்க முடியாது. பாதிக்கு மேல கருப்பும் வட்ட ஓட்டையுமா இருந்தா கையைக் கட்டிட்டு நில்லுங்க, மீதியை மழையும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் பார்த்துக்கும். கருப்பே இல்லைன்னா மட்டும் ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல கேட்டு, இல்ல மருந்தடிக்காத ஒரு தோப்புல இருந்து, கருப்புக் கூடு இருக்கற ஓலைத் துண்டா வாங்கிட்டு வந்து பத்து மரத்துக்கு ஒண்ணுன்னு கீழ் மட்டைல செருகுங்க. செருகின பிறகு அடிமட்டையெல்லாம் வெட்டி எரிக்கற வேலை வேண்டாம், எரியறது குளவியும்தான்.

அது வரைக்கும் விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் ஷீட் ஏக்கருக்கு ஏழெட்டு கட்டுங்க, பறக்கற ஈ ஒட்டிக்கும். கரிப்படலத்துக்கு மைதாவைக் காய்ச்சி லிட்டருக்கு 25 கிராம் கணக்குல தெளிச்சா காய்ஞ்சு பொரிப்பொரியா உதிரும். மரம் சாகாது, அந்தப் பயம் வேண்டாம்.

பத்து ஓலைலயும் மொத்தம் எத்தனை கூடு, அதுல எத்தனை கருப்புன்னு எண்ணி எழுதி அனுப்புங்க. ஏஜென்ட்டுக்கு அதுவரைக்கும் பதில் சொல்ல வேண்டாம்.