இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குக் கர்சிவ் எழுத்தை வீட்டில் எப்படிச் சொல்லித்தருவது?

கும்பகோணத்தில் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் தினமும் இரண்டு பக்கம் கர்சிவ் (ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதும் முறை) வீட்டுப்பாடம், எழுத உட்கார்ந்தாலே அழுகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். நன்னிலம் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் பல ஆண்டுகள் சின்ன வகுப்புகளை எடுத்தவள் நான். அவன் எழுதி முடித்த நோட்டைப் பார்ப்பதை விடுங்கள். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள்.

ஆங்கிலச் சின்ன எழுத்து ‘டி’யை (d) எடுத்துக்கொள்ளுங்கள். பல குழந்தைகள் ஒரு வட்டம் போடுவார்கள், பென்சிலை எடுப்பார்கள், பிறகு வலப்பக்கம் ஒரு கோட்டை இழுத்து ஒட்டவைப்பார்கள். நோட்டில் அது சரியான ‘டி’தான், ஆசிரியரின் சரிக்குறியும் விழுந்துவிடும். ஆனால் அந்த வட்டத்தைக் கீழிருந்து வலஞ்சுழியாகப் போட்டிருந்தால், முந்தைய எழுத்தின் வால் வந்து சேர வழியே இல்லை. வலப்பக்க மேல்வளைவில் தொடங்கி, இடஞ்சுழியாகச் சுற்றி, அப்படியே மேல்கோடு வரை ஏறி, ஏறிய தடத்திலேயே இறங்கி, அடியில் சின்ன வாலோடு வெளியே வரவேண்டும். ஸி, ஏ, ஜி, கியூ, ஓ எல்லாம் இதே இடஞ்சுழிக் குடும்பம்தான். முதலில் இவற்றை மட்டும் சேர்த்துப் பழக்குங்கள். ஏ, பி, ஸி என்ற வரிசையைக் கையெழுத்துக்கு மறந்துவிடலாம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் எழுத்துகள் தனித்தனியாக நிற்பவை; ஓர் எழுத்து முடிந்ததும் கையை எடுப்பது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம். அது சோம்பேறித்தனம் இல்லை. தயவுசெய்து அதற்காக அடிக்காதீர்கள்.

விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் விரலைப் பிடித்து நெல்லில் எழுதவைக்கிறோம். அன்றோடு தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். நெல்லோ மணலோ பரப்பி, ஒற்றை விரலால் பெரிதாக, தோளே அசையும்படி, இரண்டிரண்டு எழுத்தாக இணைத்து எழுதட்டும். கை அந்தத் தடத்தில் தானாக ஓடத் தொடங்கிய பிறகு நான்கு கோடு நோட்டுக்கு வரலாம். வந்தபின் அவன் எழுதிய தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் பென்சிலை அழுத்திப் பிடிக்கிறான், விரல் வலிக்கிறது என்று பொருள். அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இடதுகைப் பிள்ளையாக இருந்தால் தாளின் மேற்புறம் வலப்பக்கம் சாயும்படி வைத்துக்கொடுங்கள். கையை மாற்றவே கூடாது.

எந்த வயதில் தொடங்குவது என்பதில் உலகமே ஒரே கருத்தில் இல்லை. பிரான்சில் தொடக்கத்திலேயே சேர்த்தெழுதப் பழக்குகிறார்கள். பின்லாந்தில் 2016 முதல் அது கட்டாயமில்லை. கலிஃபோர்னியாவிலோ 2023இல் சட்டம் போட்டு மீண்டும் கொண்டுவந்தார்கள். என் கணிப்பில், தனி எழுத்துகளைப் பார்க்காமலே எழுதவரும் பிள்ளைக்குத்தான் கர்சிவ். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டியர் காலத்து ஆவணங்கள், மராத்தியை எழுதப் பயன்பட்ட ‘மோடி’ என்ற பழைய எழுத்தில் இருக்கின்றன. எழுத்தர்கள் கையை அதிகம் எடுக்காமல் ஓட்டமாக எழுதிய எழுத்து அது. கணக்கும் கடிதமும் குவிந்த இடத்தில் வேகம் தேவைப்பட்டது. கர்சிவ்வும் வேகத்துக்காக வந்ததுதான். ஒரு வரி எழுதவே திணறும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வேகத்தால் இப்போது என்ன பயன்?

பி (b), ஓ (o), வி (v), டபிள்யூ (w) நான்கும் அடியில் முடியாமல் மேலே முடிபவை. அடுத்த எழுத்தை உயரத்திலிருந்தே பிடிக்கவேண்டும் என்பதால் இந்த இணைப்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, இரண்டு பக்கத்துக்குப் பதில் நான்கு வரி போதும் என்று கேளுங்கள். அந்த நான்கு வரியையும் நீங்கள் கூடவே இருந்து எழுதவைப்பதாகச் சொல்லுங்கள். சின்ன வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.