நானோட்ராப் 120, க்யூபிட் 35: எதை நம்புவது?

கேள்வி: இலையிலிருந்து பிரித்த டிஎன்ஏவை நானோட்ராப்பில் (ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் கருவி) வைத்தால் மைக்ரோலிட்டருக்கு 120 நானோகிராம், க்யூபிட்டில் (ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் கருவி) 35தான். எது சரி?

பதில்: 35ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நானோட்ராப் 260 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடும்: ஆர்என்ஏ, உதிரி நியூக்ளியோடைடுகள், மிச்சமிருக்கும் ஃபீனால். க்யூபிட் சாயமோ இரட்டை இழை டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டால்தான் நன்றாக ஒளிரும். உங்கள் மாதிரியில் ஆர்என்ஏ நிறைய இருக்கும் போலிருக்கிறது. ஆர்என்ஏவை வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ் போட்டால் மட்டும் நானோட்ராப் எண் இறங்காது. துண்டான ஆர்என்ஏவும் ஒளியை உறிஞ்சும். மறுபடி சுத்திகரிக்க வேண்டும்.

க்யூபிட்டிலும் கை தவறினால் எண் தவறும். 6 மாதிரி, 2 ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த டிஎன்ஏ) என்றால், ஒன்று உபரியாக 9 குழாய்க்குக் கலக்குங்கள்: சாயம் 9 மைக்ரோலிட்டர், பஃபர் 1,791. ஒரு குழாயில் ஸ்டாண்டர்டு 10 மைக்ரோலிட்டருடன் இந்தக் கலவை 190. மாதிரி 2 உடன் 198. வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கிக் கலந்து, 2 நிமிடம் இருட்டில் வைத்து அளவிடுங்கள்.

சாயம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைந்தது. ஃபிரிட்ஜில் உறைந்துவிடும். முழுதாக உருகுமுன் எடுத்தால் அளவு குறையும். உருகியதும் ஒருமுறை சுழற்றி அடியில் இறக்குங்கள்.

பெயரை மூடியில் எழுதுங்கள். பக்கவாட்டில் எழுதினால் மை ஒளியை மறைக்கும். குழாயைக் கையில் பொத்தி வைக்காதீர்கள், சூடேறினால் ஒளிர்வு குறையும். அடியில் குமிழி இருந்தால் தட்டி எடுங்கள்.

கெட்டியான டிஎன்ஏவில் 1 மைக்ரோலிட்டர் எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிப்பெட் நுனியில் ஒட்டும் இழையே கணக்கைக் கெடுத்துவிடும். 10 மடங்கு நீர்த்து, 5 எடுங்கள்.