பழைய கார்: எக்ஸ்சேஞ்சா, நேரடி விற்பனையா?

கேள்வி: 7 வருடமாக ஓட்டும் காரை மாற்றலாம் என்று இருக்கிறோம். முதல் சொந்தக்காரர் நாங்கள்தான். கார் கடனில் இன்னும் 5 தவணை பாக்கி. ஒரு டீலர் எங்கள் காரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, 3 வருடம் ஓடிய பெரிய கார் ஒன்றைத் தருகிறேன் என்கிறார். மேலே போட வேண்டிய தொகைக்கு அவரே கடனும் ஏற்பாடு செய்வாராம். "நடுவில் அவருக்கு எதற்கு லாபம்? நாமே விற்று, நாமே வாங்கலாம்" என்கிறார் என் கணவர். டீலர் என்றால் தலைவலி இல்லை என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: விற்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. வாங்குவதில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டையும் ஒரே பேரமாகப் பார்ப்பதுதான் உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம். டீலருக்கு வசதியும் அதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அந்தப் பெரிய காருக்கு டீலர் சொல்லும் விலை 100. உங்கள் காருக்கு அவர் தருவது 38. மேலே நீங்கள் போட வேண்டியது 62. இன்னொரு டீலர், "உங்கள் காருக்கு 33தான்" என்கிறார். கேட்டதும் கோபமாகத்தான் வரும். ஆனால் அதே மாதிரி காரை அவர் 93-க்குத் தருகிறார் என்றால் நீங்கள் போடுவது 60. குறைத்துக் கேட்டவரிடம்தான் உங்களுக்கு மிச்சம். ஆகவே எக்ஸ்சேஞ்சில் "என் காருக்கு எவ்வளவு" என்று கேட்பதில் பயனில்லை. "மேலே எவ்வளவு போட வேண்டும்" என்பதை மட்டும் கேளுங்கள்.

இப்போது எக்ஸ்சேஞ்சையே விட்டுவிடுங்கள். உங்கள் காரை நேரடியாக 40-க்கு விற்று, அந்த 93 காரை டீலரிடம் வாங்கினால் கையிலிருந்து போவது 53. கணவர் சொல்வதுபோல வாங்குவதையும் நேரடியாகவே செய்து, 90-க்கு ஒன்று கிடைத்தால் 50. பெரிய மிச்சம் விற்கும் இடத்தில் இருக்கிறது. வாங்கும் இடத்தில் இருப்பது வெறும் 3. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஒரு தாளில் இதே மாதிரி மூன்று வரி எழுதிப் பாருங்கள். சில நாடுகளில் எக்ஸ்சேஞ்ச் செய்தால் வித்தியாசத் தொகைக்கு மட்டும் விற்பனை வரி கட்டினால் போதும். உங்களுக்கு அது பொருந்துமானால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீலர் ஏன் அவ்வளவு குறைத்துக் கேட்கிறார்? அவருக்கு இட வாடகை, காரைச் சரிசெய்யும் செலவு, விற்கும் வரை முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி எல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றை ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-லேயே எழுதினார். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்தக் கட்டுரை முக்கியக் காரணம். பழைய காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நல்ல காருக்கும் சுமாரான காருக்கும் சேர்த்து ஒரு சராசரி விலைதான் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விலகிக்கொள்வார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள் நிற்கும்.

நீங்கள் 7 வருடமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டிய காருக்கும் டீலர் தருவது இந்தச் சராசரி விலைதான். நேரடியாக விற்றால் அதை உடைக்க உங்களிடம் ஆயுதம் இருக்கிறது: சர்வீஸ் பில்கள். தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டு, பார்க்க வருபவர் கையில் முதலில் அதைக் கொடுங்கள். "மெக்கானிக்கைக் கூட்டி வாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். பாதிப் பேரம் அங்கேயே அடங்கிவிடும்.

விற்கும் முன் அந்த 5 தவணையை முடித்துவிடுங்கள். முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடன் கொடுத்த இடத்தில் எழுத்தில் வாங்குங்கள். கடன் நிற்கும் கார் என்றாலே வாங்க வருபவர் பின்வாங்குவார். கையில் பணம் இல்லையென்றால், வாங்குபவர் நிலுவையை அங்கேயே நேராகக் கட்டிவிட்டு மீதியை உங்களிடம் தரும்படி செய்யலாம். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். டெஸ்ட் டிரைவில் பக்கத்து இருக்கையில் உங்களில் ஒருவர் உட்காருங்கள். பெயர் மாறும் வரை அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும். டீலரிடம் கொடுத்தாலும் இதே கதைதான்: அடுத்த ஆள் கிடைக்கும் வரை பெயரை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆக, உங்கள் "தலைவலி இல்லை" முழுக்க உண்மை இல்லை.

சரி, வாங்கும் பக்கம். இங்கே தெரியாத ஆள் நீங்கள். அந்த 3 அதிகம் கொடுத்து டீலரிடம் போவதில் அர்த்தம் இருக்கிறது, வாரண்டி எழுத்தில் இருந்தால் மட்டும். அதுதான் நான் சொன்ன நிபந்தனை. இன்ஜினும் கியர்பாக்ஸும் அதில் அடங்குமா, எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், ரிப்பேர் யார் செலவில் என்று பாருங்கள். "ஏதாவது ஆனால் நான் இருக்கிறேன்" என்பது வாரண்டி ஆகாது. பல நாடுகளில் சட்டமும் வியாபாரியைத்தான் பிடிக்கும். பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, குறையுள்ள காரை 30 நாளுக்குள் வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை. எழுத்தில் தர மறுக்கும் டீலரைவிட, ஃபைல் வைத்திருக்கும் முதல் சொந்தக்காரர் எவ்வளவோ மேல். போனில் "காரைப் பற்றிப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால், சொந்தக்காரர் வேடத்தில் பேசும் வியாபாரி அவர்.

டீலர் தரும் கடனில் ஒரு விஷயம். "10% வட்டி, 3 வருடம்" என்பார்கள். தட்டை வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று கேளுங்கள். தட்டை வட்டி என்றால், நீங்கள் கட்டித் தீர்த்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 18%. பேரத்தில் விட்டுக்கொடுத்ததை அவர் இங்கே எடுத்துவிடலாம்.

எங்கு வாங்கினாலும் உங்கள் மெக்கானிக் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ன் 23-வது வாரம் செய்தது. 3 வருடக் கார், 25,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் போன வருடத்தவை என்றால், ஏன் மாற்றினார்கள்? பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் ஓடோமீட்டரை நம்பாதீர்கள்.

என் முதல் காரைத் தனிநபர் ஒருவரிடம் வாங்கினேன். காலையில் போனபோது பானெட் சூடாக இருந்தது. "இப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்தேன்" என்றார். நானும் தலையாட்டினேன். சாவியைப் போட்டதும் கிளம்பியது. மறுநாள் காலை என் வாசலில் அதே வண்டி நாலு முறை இருமி, நீலப் புகை கக்கி, ஐந்தாவது முறைதான் உயிர் பெற்றது. இன்ஜின் வேலைக்கு ஆன செலவு, டீலரின் லாபத்தைவிட அதிகம். ஆகவே பெரிய காரைப் பார்க்கக் கிளம்பும் முன் போன் செய்து, "நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் முதலில் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள்.