இஸ்லாமியத் தீவிரவாதம், அரபு அரசியல் பற்றிப் பேசும் நிபுணர்களில் யாரை நம்பலாம்?

தொலைக்காட்சியில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், விஷயம் தெரிந்த ஓர் ஆய்வாளரையாவது காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டுமென்றால், எகிப்தியச் சமூகவியலாளர் சாத் எத்தின் இப்ராஹிமைச் சொல்வேன். 2023 செப்டம்பரில் காலமானார்.

நான் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன். எங்கோ குண்டு வெடித்த செய்தி வந்தால், கடைசிப் பத்தியில் ‘என நிபுணர்கள் கருதுகிறார்கள்’ என்று முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். அந்த நிபுணர்கள் யார், எதைப் பார்த்துக் கருதினார்கள் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வறுமையும் படிப்பறிவின்மையும்தான் காரணம் என்று நானே எத்தனையோ முறை எழுதித் தள்ளியிருக்கிறேன். மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் ஒருநாள் இப்ராஹிமின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையின் நகலை என் மேசையில் போட்டு, “இதைப் படித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள் தம்பி” என்றார். படித்தபின் கூச்சமாக இருந்தது.

கட்டுரையின் பின்னணி இதுதான். 1974 ஏப்ரலில் சாலிஹ் சிரிய்யா என்ற பாலஸ்தீனரின் குழு, கெய்ரோவில் உள்ள இராணுவத் தொழில்நுட்பக் கல்லூரியைக் கைப்பற்றி, அங்கிருந்து அதிபர் சதாத்தின் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றது. 1977 ஜூலையில் ஷுக்ரி முஸ்தஃபாவின் ஆட்கள், சமய அறக்கொடைத் துறையின் முன்னாள் அமைச்சர் ஷேக் தஹபியைக் கடத்திக் கொன்றார்கள். இரண்டு தலைவர்களுக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தொண்டர்கள் சிறையில் இருந்தார்கள். கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இப்ராஹிம், தம் குழுவினருடன் அந்தச் சிறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்.

பேசியது 34 பேரிடம். அவர்களில் 29 பேர் பட்டதாரிகள், அல்லது கைதானபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அதிலும் பொறியியல், மருத்துவம், வேளாண் அறிவியல் மாணவர்களே அதிகம். எகிப்தில் பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்தான் யாருக்கு எந்தப் படிப்பு என்று தீர்மானிக்கிறது, நம் கட்-ஆஃப் போல. அப்படியானால் இவர்கள் வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைகள். தகப்பன்மார் பெரும்பாலும் நடுத்தர அரசு ஊழியர்கள். சிதறிப்போன குடும்பங்களும் இல்லை. கிராமத்திலிருந்தோ சிற்றூரிலிருந்தோ பெருநகரத்துக்கு வந்து, வாடகை அறையில் தங்கி, பட்டம் வாங்கினால் குடும்பமே மேலேறிவிடும் என்று நம்பிய இளைஞர்கள். இஸ்ரேலிடம் எகிப்து தோற்ற 1967 போரைச் சிறுவயதில் கண்டவர்கள். சதாத் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது, பட்டத்தை விட ஆள்பலமும் காசும்தான் செல்லுபடியாகும் என்பதையும் கண்டார்கள்.

எனக்கு இன்னும் பிடித்த பகுதி, இரண்டு குழுக்களையும் அவர் ஒரே மூட்டையில் கட்டாததுதான். சிரிய்யாவின் ஆட்களுக்கு ஆட்சியாளர்கள்தான் கெட்டவர்கள், மக்கள் பாவம். ஆகவே அரண்மனையை மட்டும் பிடித்தால் போதும். ஷுக்ரியின் ஆட்களுக்கோ சமூகம் முழுவதுமே கெட்டுப்போனது. ஆகவே அதிலிருந்து விலகித் தனியே வாழ வேண்டும், வலிமை வந்தபின் திரும்ப வேண்டும். முதல் குழுவில் முடிவுகளை விவாதித்து எடுத்தார்கள். இரண்டாவதில் ஷுக்ரி சொன்னதே வேதம். இந்த இரண்டாவது குழுவுக்கு வழங்கும் ‘தக்ஃபீர் வல் ஹிஜ்ரா’ (பிறரை இறைமறுப்பாளர் என்று சொல்லி விலகிப் போதல்) என்ற பெயர்கூடப் பத்திரிகைகள் வைத்ததுதான். தங்களை அவர்கள் ‘முஸ்லிம்களின் ஜமாஅத்’ என்றே அழைத்துக்கொண்டார்கள். செய்தித்தாள் வைத்த பெயரை அந்த அமைப்பே வைத்துக்கொண்டதாக எழுதிய பாவிகளில் நானும் ஒருவன்.

34 பேர் சிறிய எண்ணிக்கை, எல்லோருமே பிடிபட்டவர்கள் என்று குறை சொல்லலாம். நியாயமான குறைதான். அரசும் பாதியில் அனுமதியை நிறுத்திவிட்டது. ஆனால் 1981 அக்டோபரில் சதாத்தைக் கொன்ற குழுவுக்குச் சித்தாந்தம் எழுதிக் கொடுத்த அப்துஸ் ஸலாம் ஃபரஜ் மின் பொறியியல் படித்தவர். பின்னாளில் அல் காய்தாவின் தலைவரான அய்மன் அல் ஸவாஹிரி மருத்துவர். 2001 செப்டம்பர் 11 அன்று முதல் விமானத்தை ஓட்டிய முகமது அத்தா, கெய்ரோவில் கட்டடக்கலையும் ஹாம்பர்க்கில் நகரமைப்பும் படித்த வழக்கறிஞர் மகன். இவர்களைப் பார்த்து உலகம் திகைத்தபோது, அந்தப் பழைய கட்டுரையைப் படித்தவர்கள் அவ்வளவாகத் திகைத்திருக்க மாட்டார்கள்.

அரபு அரசியல் பக்கம் வருகிறேன். 2000 ஜூனில் சிரியாவின் ஹஃபிஸ் அல் அஸத் இறந்தார். அதிபருக்குக் குறைந்தது 40 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியை, மகன் பஷாருக்காக நாடாளுமன்றம் உடனடியாக 34 ஆக்கியது. இப்ராஹிம் அரபியில் குடியரசு, முடியரசு என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி ‘கும்லூகிய்யா’ என்று ஒரு சொல் படைத்தார். தமிழில் ‘முடிக்குடியரசு’ என்று வைத்துக்கொள்ளலாம். எகிப்தும் அதே வழியில் போகக்கூடும் என்று எழுதினார். அப்போதைய எகிப்திய அதிபர் முபாரக்குக்கும் கமால் என்று ஒரு மகன் இருந்தார். ஜூன் 30 அன்று இப்ராஹிம் கைது செய்யப்பட்டார். அனுமதியின்றி வெளிநாட்டுப் பணம் பெற்றார், நாட்டின் பெயரைக் கெடுத்தார் என்று வழக்கு. 2001இல் ஏழு ஆண்டு தண்டனை. 2003 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தபோது அவரால் சரியாக நடக்க முடியவில்லை. முபாரக்கின் மனைவி சுசான் ஒரு காலத்தில் இவரிடமே முதுகலை ஆய்வேடு எழுதியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரை அடைத்த தோரா சிறையில் இஸ்லாமிய இயக்கத்தினரும் இருந்தார்கள். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் குறிப்பேட்டோடு போனவர், இப்போது கைதி எண்ணோடு அவர்களிடையே இருந்தார். இந்த முறை கேள்வி அவர்கள் பக்கமிருந்து வந்தது: உங்கள் ஒருவருக்காக உலகமே குரல் கொடுக்கிறதே, எங்களுக்காக ஏன் யாரும் பேசுவதில்லை? வெளியே வந்தபின் அவர்களும் தேர்தல் அரசியலுக்குள் வர இடம் வேண்டும் என்று வாதாடினார். அதற்காக மதச்சார்பற்ற நண்பர்களிடம் நிறைய வசை வாங்கினார்.

முதலில் அந்த 1980ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். முப்பது பக்கம்தான், ஒரு மாலை போதும்.