பதில்: 4.2 வோல்ட் காட்டுது, ஆனா விமானம் செம்பனை உயரம்கூட ஏறலை

பேட்டரி 4.2 வோல்ட் காட்டியும் உங்கள் சின்ன மோட்டார் மாதிரி விமானம் மேலே ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மோட்டாரைக் கழற்ற வேண்டாம், பெரும்பாலும் பேட்டரிதான் களைத்திருக்கும். உள்தடை (மின்னோட்டத்துக்கு பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) கூடிய லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, சும்மா இருக்கும்போது 4.2 காட்டும், மோட்டார் இழுத்ததும் படுத்துவிடும்.

முழு சார்ஜ் போட்டு ஒரு வாரம் காரிலேயே வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். சுங்கை சிப்புட் வெயிலில் மூடிய கார் அடுப்பு மாதிரி. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லிப்போ சீக்கிரம் கெடும்.

சோதித்துப் பாருங்கள்: முழு சார்ஜ் ஏற்றி, மீட்டர் முனைகளை பேட்டரியில் வைத்து, ஒருவர் விமானத்தை இறுக்கிப் பிடிக்க, மோட்டாரை 10 வினாடி ஓட்டுங்கள். விசிறிக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. 3.0க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரி இனி பறக்க உதவாது. 3.5க்கு மேல் நின்றால் கனெக்டரையும் சாலிடரையும் பாருங்கள்.

இனி 3.8 வோல்ட்டில் வீட்டுக்குள் வையுங்கள். பறக்கவிடும் காலையில் சார்ஜ் போடுங்கள், பேட்டரியின் கொள்ளளவு 150 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) என்றால் 0.15 ஆம்பியரில்.

உப்பிய பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றவே கூடாது. புதிய பேட்டரி பழையதைவிட 1 கிராம் கூடினாலும் விமானத்தின் ஈர்ப்பு மையம் (சமநிலைப் புள்ளி) நகரும். திடல் புல்லில் கையால் எறிந்து சறுக்கலைச் சரிபார்த்த பிறகே மோட்டாரை ஓட்டுங்கள்.